எல்லையாறும் இரு நாட்டு உடன்பாடும்: ரியோ கிராண்டே ஆற்றின் வரலாறு

இரு நாடுகளுக்கு இடையே ஓடும் ஆற்றினையே அவற்றின் எல்லையாகக் கொள்ளுதல் நெடுங்காலமாக வரும் வழக்கம். மலையைப் போலவே ஆறும் இயற்கை வகுத்த வரம்பு என்று அரசர்களும் அமைச்சர்களும் கருதினர். ஆயின், மலை நின்ற இடத்தில் நிற்பது. ஆறோ இடம் பெயர்வது. ஒரு கரையை அரிக்கும், மறுகரையில் எக்கலிடும், பெருவெள்ளம் வந்துழிக் கரையை உடைத்துப் புதுவழி காணும். இங்ஙனம் பெயரும் பொருளொன்றைப் பெயராத வரம்பாகக் கொண்ட நாடுகள் தம்முள் எவ்வாறு இசைந்து வாழ்ந்தன, அவ்வாற்று நீரை எம்முறையாற் பங்கிட்டன என்பது வரலாற்று மாணவர் ஆராய்தற்குரியதொரு பொருள். ஐரோப்பாவில் ரைன், தன்யூப் ஆகிய பேராறுகளுக்குப் பன்னாட்டு ஆணைக்குழுக்கள் உண்டு. எனினும் அவை முதற்கண் கப்பற் போக்குவரத்தைக் கருதி எழுந்தவை. நிலம், நீர் ஆகிய இரண்டைப் பற்றிய வழக்கும் ஓராற்றின்கண் ஒருசேர எழுந்து, இரண்டும் ஒரே குழுவின் கையில் வந்து சேர்ந்த வரலாறு அமெரிக்க ஐக்கிய நாட்டுக்கும் மெக்சிகோவுக்கும் உரியது. அதனையே ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

அவ்வாற்றிற்குப் பெயர் இரண்டு. வடகரையார் அதனை ரியோ கிராண்டே, அஃதாவது பேராறு என்பர். தென்கரையார் ரியோ பிராவோ, அஃதாவது சீற்றமுடைய ஆறு என்பர். ஆண்டின் பெரும்பகுதி நீர் குன்றியும் வெள்ளக் காலத்தில் ஊரழித்தும் ஓடிய அவ்வாற்றின் இயல்பைத் தென்கரையார் பெயரே செவ்விதின் உணர்த்துகின்றது என்பது எம் கருத்து. கொலராடோ மாநில மலைகளில் தோன்றி, நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஊடே தெற்கு நோக்கி வந்து, எல் பாசோ நகர் தொடங்கி மெக்சிகோ வளைகுடா வரையில் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் தொலைவிற்கு அஃது எல்லையாகின்றது. இவ்வெல்லை போரின் விளைவு. 1846 முதல் 1848 வரை நிகழ்ந்த போரில் மெக்சிகோ தோற்றது. 1848-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் கைச்சாத்தான குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கையால் தன் வடபாற் பெருநிலத்தை இழந்தது. ஆற்றின் நடுவே, கால்கள் பலவாயின் ஆழமிக்க காலின் வழியே, எல்லை செல்லும் என்று அவ்வுடன்படிக்கை கூறிற்று. 1852-இல் வடபுலத்தின் சார்பில் எமரியும் தென்புலத்தின் சார்பில் சலாசாரும் எல் பாசோ அருகே ஆற்றினை அளந்து படம் வரைந்தனர். படம் வரைந்தவர் கையில் நின்ற ஆறு, நிலத்தின்மீது நிற்கவில்லை.

ஆறு பெயர்ந்தால் எல்லையும் உடன் பெயருமா? இவ்வினாவிற்கு விடை காண 1884-இல் இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் செய்தன. கரையரிப்பும் எக்கலிடுதலும் மெல்ல மெல்ல, காணாவகை நிகழுமாயின் எல்லை ஆற்றோடு பெயரும். ஆறு திடீரெனப் பழைய படுகையைக் கைவிட்டுப் புதுவழி கொள்ளுமாயின் எல்லை பழைய படுகையிலேயே நிற்கும் என்பது அதன் சாரம். உரோமர் காலத்துச் சட்டத்திலேயே வேர்கொண்ட வேறுபாடு இது. நூலில் எளிதாகத் தோன்றும் இவ்விதி ஆற்றங்கரையில் எளிதாக இல்லை. ஒரே வெள்ளத்தில் நூறு முழம் கரை சரிந்து விழுந்தால் அது மெல்ல நிகழ்ந்ததா, திடீரென நிகழ்ந்ததா? கண்டார் யார்? சான்று என்ன? ஒவ்வோர் இடத்தும் சென்று கண்டு முடிவு செய்தற்கு நிலையானதொரு குழு வேண்டும் என்பது விரைவில் தெளிவாயிற்று. 1889-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் ஏற்பட்ட ஒப்பந்தத்தால் பன்னாட்டு எல்லை ஆணைக்குழு தோன்றியது. நாட்டிற்கு ஓர் ஆணையர், இருவரும் சமம், மூன்றாமவர் இல்லை. இம்மூன்றாமவர் இல்லாமையை நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

குழுவின் முன் முதலில் மிகுதியாக வந்தவை 'பாங்கோ' எனப்பட்ட துண்டுநிலங்கள். ஆற்றின் கீழ்ப்பகுதியில் நிலம் சமதளம். ஆறு பாம்பெனச் சுருண்டோடும். சுருளின் கழுத்தை வெள்ளம் அறுத்துவிடின், முன் வடகரையில் இருந்த நிலம் தென்கரையிலும், தென்கரை நிலம் வடகரையிலும் ஆகிவிடும். ஆற்றிடைக்குறை, துருத்தி, அரங்கம் என ஆற்றால் சூழப்பட்ட நிலத்திற்குப் பல சொற்களுடைய தமிழில், இங்ஙனம் ஆறு கைவிட்டுச் சென்ற சுருள்நிலத்தைக் குறிக்கத் தனிச்சொல் உண்டா என்பதைச் சொல்லாய்வார்க்கு விட்டு மேற்செல்வோம். 1884 விதிப்படி இத்துண்டுகள் பழைய நாட்டிற்கே உரியன. ஆயின், ஆற்றிற்கு அப்பால் கிடக்கும் சில ஏக்கர் நிலத்தில் ஓர் அரசு எங்ஙனம் ஆட்சி செலுத்தும்? வரி வாங்குவார் செல்லார், காவலர் செல்லார், கள்ளக் கடத்துவார் மட்டுமே செல்வர். ஆதலின் 1905-இல் புதியதோர் ஒப்பந்தம் எழுந்தது. 250 ஹெக்டேருக்கு மேற்படாததும் 200 பேருக்கு மேற்படாத குடியுடையதுமான துண்டு எக்கரையைச் சார்ந்ததோ, அக்கரை நாட்டிற்கே உரியதாகும். அங்கு வாழ்வார் விரும்பின் பழைய குடியுரிமையையே வைத்துக்கொள்ளலாம். கோட்பாட்டினின்றும் விலகி, வாழ்க்கைக்கு ஏற்ற வழியைக் கண்ட முதற் செயல் இதுவே எனலாம்.

இத்தகைய எளிய வழிக்கு அடங்காது நூறாண்டு நின்றது சமிசால் வழக்கு. 'சமிசோ' என்பது அங்கு வளரும் ஒருவகைப் புதர். புதர்க்காடு என்பதே அந்நிலத்தின் பெயர்ப்பொருள். 1852-க்குப் பின்னர் ஆறு தெற்கு நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டே வந்தது. 1864-இல் வந்த பெருவெள்ளத்தில் வெகுவாகத் தாவியது. ஏறத்தாழ 600 ஏக்கர் நிலம் வடகரையில் சேர்ந்து எல் பாசோ நகரின் ஒரு பகுதியாயிற்று. பெட்ரோ இக்னாசியோ கார்சியா என்ற மெக்சிகோ குடிமகன் தன் முன்னோர் நிலம் இங்ஙனம் ஆற்றிற்கு அப்பாற் போயிற்று என்று முறையிட, 1895-இல் வழக்கு ஆணைக்குழுவின் முன் வந்தது. மெல்ல நிகழ்ந்த மாற்றம் என்றார் வடபுல ஆணையர் ஆன்சன் மில்ஸ். திடீர் மாற்றம் என்றார் தென்புல ஆணையர் ஒசோர்னோ. இருவரும் சமம் ஆதலின் வழக்கு நின்றுபோயிற்று.

1910-இல் மூன்றாமவர் ஒருவரை வரவழைத்தனர். கனடா நாட்டுச் சட்ட அறிஞர் யூஜீன் லஃப்ளூர் தலைவராக, மில்ஸ், பெல்ட்ரான் இ புகா ஆகியோரோடு கூடிய நடுவர் மன்றம் எல் பாசோவில் அமர்ந்து வழக்கைக் கேட்டது. எல்லை 1852-இல் அளந்த கோட்டிலேயே அசையாது நிற்பது என்றது மெக்சிகோ. அதனைத் தலைவரும் மில்ஸும் ஏற்றிலர். நெடுங்காலம் கைக்கொண்டமையால் நிலம் தமதே என்ற வடபுல வாதத்தையும் மன்றம் தள்ளியது. 1864-க்கு முன் நிகழ்ந்த மாற்றம் மெல்ல நிகழ்ந்தது, 1864-இல் நிகழ்ந்தது அத்தகையதன்று. ஆதலின் அவ்வெள்ளத்திற்கு முன் ஆறு ஓடிய வழியே நிலத்தைப் பிரித்து, வடபகுதியை ஐக்கிய நாட்டிற்கும் தென்பகுதியை மெக்சிகோவிற்கும் உரியதாக்குக என்று தலைவரும் மெக்சிகோ ஆணையரும் 1911-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள் தீர்ப்பளித்தனர். ஐக்கிய நாடு அத்தீர்ப்பை ஏற்க மறுத்தது. நிலத்தைப் பிரிக்குமாறு மன்றத்தைக் கேட்கவில்லை என்றும், 1864-இல் ஆறு எங்கு ஓடியது என்பதை இன்று கண்டறிதல் அரிது என்றும் காரணங் கூறியது. இக்காரணங்களில் இரண்டாவது ஒருவாறு உண்மையே. எனினும் தானே இசைந்து அமைத்த மன்றத்தின் தீர்ப்பைத் தனக்கு மாறாயிற்று என்று ஒரு வல்லரசு தள்ளியதை மெக்சிகோ மக்கள் இரண்டு தலைமுறையாக மறந்திலர். ஏக்கர்க் கணக்கில் சிறிய அந்நிலம், இழந்த பெருநிலம் அனைத்திற்கும் அடையாளமாகிவிட்டது.

அரை நூற்றாண்டு கழித்து, 1962-இல் மெக்சிகோ நகரில் தலைவர் கென்னடியும் தலைவர் லோப்பஸ் மத்தேயோசும் சந்தித்தபொழுது வழக்கு உயிர்பெற்றது. 1963-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் உடன்பாடு கைச்சாத்தாயிற்று. நிகரக் கணக்கில் மெக்சிகோ பெற்றது 437 ஏக்கர். அதில் 366 ஏக்கர் சமிசால் நிலம். மேலும், வடகரையில் துருத்திக்கொண்டு நின்ற கோர்டோவாத் தீவு என்னும் மெக்சிகோ நிலத்தில் 193 ஏக்கரை ஐக்கிய நாடு பெற்று, அதற்கு ஈடாக அதே அளவு நிலத்தை அளித்தது. பழைய ஆற்றுவழியைத் தேடும் வேலையே எழவில்லை. எல்லை எங்கு அமையவேண்டும் என்று முதலில் முடிவு செய்து, பின்னர் ஆற்றையே அங்குக் கொண்டுவந்தனர்! ஏழு கிலோமீட்டர் நீளத்திற்குக் காங்கிரீட்டுக் கால்வாய் இரு நாட்டுச் செலவில் கட்டப்பெற்றது. 1968-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் தலைவர்கள் ஜான்சனும் தியாஸ் ஓர்தாசும் கூடிநின்று நீரைப் புதுவழியில் திருப்பினர்.

இவ்வுடன்பாட்டை வல்லரசு ஒன்று மனமுவந்து நிலத்தைத் திருப்பியளித்த அரிய செயலென நூலோர் பாராட்டுவர். பாராட்டிற்குரியதே. ஆயின், அந்நிலத்தில் வீடு கட்டி வாழ்ந்த எல் பாசோ மக்கள் ஏறத்தாழ 5,600 பேர் இடம்பெயர வேண்டியதாயிற்று என்பதனையும் உடன்வைத்தே எண்ணுதல் வேண்டும். அவருட் பலர் மெக்சிகோ வழிவந்த எளிய குடியினர். நூறாண்டுப் பிழையின் விலையைக் கொடுத்தவர் அதனைச் செய்தவர் அல்லர். இன்று இரு கரையிலும் பூங்காக்கள் உள்ளன.

இனி, நீர் பற்றிய வழக்கிற்கு வருவோம். 1880-களில் கொலராடோ, நியூ மெக்சிகோ உழவர்கள் மேலாற்றில் வாய்க்கால் பல வெட்டினர். கீழே எல் பாசோவிலும் எதிர்க்கரையிலுள்ள ஹுவாரெஸ் நகரிலும் ஆறு கோடையில் வறண்டது. நெடுங்காலமாக அசேக்கியா மாத்ரே, அஃதாவது தாய்வாய்க்கால், என்னும் கால்வாயால் பாசனம் செய்துவந்த மெக்சிகோ உழவர் தம் முன்னுரிமையை எடுத்துரைத்தனர். 1895-இல் ஐக்கிய நாட்டுத் தலைமை வழக்கறிஞர் ஜட்சன் ஹார்மன் அளித்த கருத்துரை பின்னர் அவர் பெயராலேயே புகழ் பெற்றது, அல்லது பழி பெற்றது. ஒரு நாடு தன் நிலத்தில் ஓடும் நீரை விரும்பியவாறு பயன்படுத்தலாம். கீழ்நாட்டார்க்கு நீர் விடவேண்டும் என்ற கடப்பாடு பன்னாட்டுச் சட்டத்தில் இல்லை என்பதே அது. விந்தை யாதெனின், அக்கருத்தை எழுதுவித்த அரசே அதன்படி நடக்கவில்லை. 1906-இல் செய்த ஒப்பந்தத்தால் மெக்சிகோவிற்கு ஆண்டுதோறும் 60,000 ஏக்கர் அடி, நம்மவர் கணக்கில் ஏறத்தாழ 2.6 டி.எம்.சி. நீரை விலையின்றி விட இசைந்தது. இதற்கென எழுந்த எலிஃபண்டு பியூட் அணை 1916-இல் முடிந்தது. ஆயினும் உரிமை என்று ஏற்று அன்று, நல்லெண்ணத்தால் அளிக்கின்றோம் என்ற பொருள்பட அவ்வொப்பந்தத்தில் எழுதி வைத்தனர். பெரும் வறட்சி வரின் இரு நாட்டுப் பங்கும் ஒரே விகிதத்தில் குறையும் என்ற விதியும் அதில் உண்டு. இது நேர்மையான விதி. பின்வந்த உடன்படிக்கையில் இத்துணைத் தெளிவு எல்லாப் பகுதியிலும் இல்லை.

அவ்வுடன்படிக்கை 1944-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் வாசிங்டனில் கைச்சாத்தானது. இது இரண்டு ஆறுகளை ஒரே ஏட்டில் பிணைத்தது. கொலராடோ ஆற்றில் ஐக்கிய நாடு மேல்நாடு, மெக்சிகோ கீழ்நாடு. ரியோ கிராண்டேயின் கீழ்ப்பகுதியிலோ நீரில் பெரும்பங்கைத் தருவன மெக்சிகோவில் தோன்றும் கான்சோசு முதலிய துணையாறுகள். ஆதலின் அங்கு டெக்சாசு உழவர் மெக்சிகோவை எதிர்நோக்கியவர். ஹார்மன் கருத்தை ஓராற்றில் வலியுறுத்தினால் மற்றையாற்றில் தன்னையே அது சுடும் என்பதை ஐக்கிய நாடு உணர்ந்தது. கொலராடோவில் மெக்சிகோவிற்கு ஆண்டிற்கு 15 இலட்சம் ஏக்கர் அடி (சற்றேறக்குறைய 65 டி.எம்.சி.), ரியோ கிராண்டேயில் மெக்சிகோவின் ஆறு துணையாறுகள் வந்து சேர்க்கும் நீரில் மூன்றில் ஒரு பங்கு ஐக்கிய நாட்டிற்கு, அப்பங்கு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டிற்கு 3,50,000 ஏக்கர் அடிக்குக் குறைதல் ஆகாது. தனக்கு நீர் குறையும் என்று கலிபோர்னியா மாநிலம் கடுமையாக எதிர்த்தும் ஐக்கிய நாட்டு மேலவை 76-க்கு 10 என்ற கணக்கில் இதனை ஏற்றது. இரு நாடுகளையும் இணங்கச் செய்தது அண்டை நட்பு என்பார் உளர். ஓரிடத்து மேல்நாடாய் இருப்பார் மற்றோரிடத்துக் கீழ்நாடாய் இருந்தமையே காரணம் என்பது எம் துணிபு.

பழைய ஆணைக்குழு இவ்வுடன்படிக்கையால் எல்லை, நீர் ஆணைக்குழுவாயிற்று. இரு பிரிவு, ஒன்று எல் பாசோவில், மற்றொன்று ஹுவாரெஸ் நகரில். தலைவர் இருவரும் பொறியாளராதல் வேண்டும் என்பது விதி. சட்ட அறிஞர் என்றோ தூதுவர் என்றோ கூறாது பொறியாளர் என்றமை கருதற்பாலது. குழுவின் முடிவுகள் 'குறிப்பு' என்ற பெயரால் ஆங்கிலத்திலும் இசுபானியத்திலும் எழுதப்படும். முப்பது நாளுக்குள் எந்த அரசும் மறுப்போ ஒப்புதலோ தெரிவிக்காவிடில் குறிப்பு நிலைபெறும். உடன்படிக்கையைத் திருத்தாமலே காலத்திற்கேற்ப அதனை வளர்க்கும் வழி இது. இக்குழுவின் கீழ் 1954-இல் ஃபால்கன் அணையும், 1969-இல் 'நட்பு' எனப் பொருள்படும் அமிஸ்தாத் அணையும் முடிந்தன. ஒரே நீர்த்தேக்கத்தில் இரு நாட்டு நீரும் கலந்து நிற்கும். எவ்வளவு யாருடையது என்பது கணக்கேட்டில் மட்டுமே பிரியும். அக்கணக்கை இரு நாட்டுப் பொறியாளரும் சேர்ந்து எழுதுவர். மின்னாற்றல் சரிபாதி. ஃபால்கன் நீரில் மூழ்கிய பழைய குரேரோ என்னும் மெக்சிகோ ஊரின் கற்கட்டடங்கள் நீர் வற்றும்பொழுது வெளிப்படும்.

நீரின் அளவைக் குறித்தவர் அதன் தன்மையைக் குறித்திலர். இக்குறை 1961-இல் வெளிப்பட்டது. அரிசோனா மாநிலத்துப் பாசனப் பகுதியொன்றின் உவர்வடிநீர் கொலராடோ ஆற்றில் விடப்பட, மெக்சிகாலிச் சமவெளியில் பயிர்கள் கருகின. எவ்வகை நீராயினும் அளவு நிறைந்தால் போதும் என்று ஐக்கிய நாடு வாதித்தது. உப்புநீர் பாசன நீர் ஆகாது என்றது மெக்சிகோ. பன்னீராண்டு கழித்து 1973-இல் 242-ஆம் குறிப்பு உப்பின் அளவிற்கு வரம்பு கட்டியது. உவர்நீரைத் தனிக்கால்வாயில் கடற்பக்கம் விட்டனர். கழிவென்று ஒதுக்கிய அந்நீர் சாந்தா கிளாரா என்னுமிடத்தில் பெருஞ்சதுப்பாகத் தேங்கிப் பறவைகட்கு உறைவிடமாயிற்று. எவரும் எண்ணிச் செய்யாத நன்மை இது. எண்ணிச் செய்த நன்மையும் ஒன்றுண்டு. 2012-இல் எழுந்த 319-ஆம் குறிப்பின்படி, 2014-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் மே வரை ஏறத்தாழ 1,05,000 ஏக்கர் அடி நீரை வறண்ட கழிமுகத்திற்கென்றே விட்டனர். மே திங்களில் கொலராடோ ஆறு கடலைத் தொட்டது.

நில எல்லையைப் பொறுத்தவரை 1970-ஆம் ஆண்டு உடன்படிக்கை எஞ்சிய வழக்குகளைத் தீர்த்து, ஆறு பெயரின் அதனை மீட்டு நிறுத்தும் முறையையும், வெள்ளநீர்ப் போக்கைத் தடுக்கும் கட்டுமானங்களுக்குத் தடையையும் வகுத்தது. 2023-இல் டெக்சாசு மாநில அரசு ஈகிள் பாஸ் அருகே ஆற்றில் மிதவைத் தடுப்பு அமைத்தபொழுது மெக்சிகோ எடுத்துக்காட்டிய உடன்படிக்கைகளுள் இதுவும் ஒன்று. தடுப்பின் பெரும்பகுதி மெக்சிகோ எல்லைக்குள் கிடந்ததாக இரு நாட்டு அளவைப் பணி கண்டது.

நீர்ப்பங்கு அவ்வளவு எளிதில் அடங்கவில்லை. 'பெரும் வறட்சி' நேரின் மெக்சிகோ தன் ஐந்தாண்டுக் குறையை அடுத்த ஐந்தாண்டில் ஈடு செய்யலாம் என்று 1944 உடன்படிக்கை கூறும். பெரும் வறட்சி யாது, அதனை அளப்பது எங்ஙனம் என்று அது கூறவில்லை. 1990-களில் சேர்ந்த நீர்க்கடன் 2005-இல்தான் தீர்ந்தது. 2020-ஆம் ஆண்டு செப்டம்பரில், கடன் தீர்க்க நீர் விடுதலை எதிர்த்துச் சிவாவா மாநில உழவர்கள் லா போக்கில்லா அணையில் கூட்டாட்சிப் படையினரோடு மோதினர். துப்பாக்கிச் சூட்டில் பெண்ணொருத்தி உயிர் துறந்தாள். அடுத்த திங்களில் 325-ஆம் குறிப்பு எழுந்தது. அணைகளில் நின்ற மெக்சிகோ நீரில் ஒரு பகுதி கணக்கேட்டில் ஐக்கிய நாட்டின் பெயருக்கு மாற்றப்பட்டது. ஒரு துளி நீரும் இடம்பெயராமல் கடன் தீர்ந்தது. நீரைக் காலத்தே விடுதற்குரிய வழிகள் சிலவற்றை 2024 நவம்பரில் 331-ஆம் குறிப்பு வகுத்தது. வறட்சியின் இலக்கணம் மட்டும் இன்னும் எழுதப்படவில்லை.

நிலத்தடி நீரின் நிலை இதனினும் நெகிழ்வானது. 1973-ஆம் ஆண்டுக் குறிப்பு, அரிசோனா, சொனோரா எல்லையில் ஐந்து மைல் அகலத்திற்குட்பட்ட ஒரு பகுதியில் இரு நாடும் ஆண்டிற்கு 1,60,000 ஏக்கர் அடிக்கு மேல் நிலத்தடி நீரை இறைத்தல் கூடாது என்றது. எல்லை முழுமைக்கும் ஆன விரிந்த உடன்பாடு எழும் வரைக்கும் இஃது இடைக்கால ஏற்பாடு என்றும் கூறிற்று. அவ்விரிந்த உடன்பாடு அரை நூற்றாண்டு கடந்தும் எழவில்லை. எல் பாசோவும் ஹுவாரெஸும், மேலே ஆற்றின் ஒவ்வோர் அடியையும் அளந்து பிரித்துக்கொண்ட அவ்விரு நகரங்களும், கீழே ஊக்கோ போல்சோன் என்னும் ஒரே நீரடுக்கில் தத்தம் கிணறுகளை இறக்கி, எவ்வகை ஒப்பந்தமும் இன்றி இறைத்துக்கொண்டிருக்கின்றன.